ரிவர்ஸ் சோன் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கலாம்

வீட்டில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றை வாங்கி, அதில் பைண்டு 9 என்ற டிஎன்எஸ் சர்வரை (பெயருக்கு எண்ணும் எண்ணுக்குப் பெயரும் சொல்லும் நிரல்) போட்டு, எல்லா இயந்திரங்களுக்கும் பெயர் வைத்து முடிக்கும்வரை வேலை சுகமாகத்தான் போகும். 'மயில்' எங்கே என்று கேட்டால் 192.168.1.10 என்று டக்கென்று பதில் வரும். அதையே திருப்பி, 192.168.1.10 யார் என்று கேட்கும்போதுதான் தகராறு தொடங்கும். எண்ணிலிருந்து பெயருக்குப் போகும் இதுதான் ரிவர்ஸ் தேடல், அதற்கான பதிவுகள் அடங்கிய பகுதிதான் ரிவர்ஸ் சோன்.

பெயரிலிருந்து எண்ணுக்குப் போனாயிற்று, அதே வழியில் திரும்பி வர வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் அது வேறு வழி. நேர்த்தேடல் ஒரு மரத்தில் நடக்கிறது, ரிவர்ஸ் தேடல் 'இன்-ஆடர்.ஆர்ப்பா' என்ற வேறொரு மரத்தில் நடக்கிறது. ஒன்றில் என்ன எழுதியிருக்கிறது என்பது மற்றதற்குத் தெரியாது. 1987-ல் வந்த ஆர்எஃப்சி 1035 என்ற இணைய விதி ஆவணத்திலிருந்தே ஏற்பாடு இதுதான். ஆகவே 'பெயர் சரியாக வருகிறதே, எண் மட்டும் ஏன் வரவில்லை' என்ற கேள்வியில் துப்பு எதுவும் இல்லை. துப்பு வேறு இடத்தில் இருக்கிறது: என்ன மாதிரி பதில் வந்தது, அதைச் சொன்னது யார். சோன் கோப்பைத் திறக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் பாதி ராத்திரி மிச்சம்.

உதாரணத்துக்கு என் வீட்டு அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன். ரவுட்டர் 192.168.1.1. பைண்டு ஓடும் பை 192.168.1.2, பெயர் கிளி. கோப்புகள் வைக்கும் நாஸ் பெட்டி 192.168.1.10, பெயர் மயில். கரகரவென்று கத்தும் பிரிண்டர் 192.168.1.20, அதன் பெயர் காகம். டொமைன் ஹோம்.ஆர்ப்பா. வீட்டு நெட்வொர்க்குக்கென்றே 2018-ல் ஆர்எஃப்சி 8375 ஒதுக்கிக் கொடுத்த பெயர் இது. கட்டளைகளையும் கோப்பு வரிகளையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்காக ஓடும் சோன் கோப்பு இப்படி இருக்கும் (எஸ்ஓஏ வரி சோனின் பொறுப்பாளரையும் காலக்கெடுக்களையும் சொல்லும், அடைப்பின் முதல் எண் சீரியல், அதாவது கோப்பின் பதிப்பு எண்; என்எஸ் வரி சோனின் சர்வரைச் சொல்லும்; பிடிஆர் வரி எண்ணுக்குப் பெயரைச் சொல்லும்):

$டிடிஎல் 300
@ இன் எஸ்ஓஏ கிளி.ஹோம்.ஆர்ப்பா. ரூட்.ஹோம்.ஆர்ப்பா. ( 1 3600 600 604800 300 )
@ இன் என்எஸ் கிளி.ஹோம்.ஆர்ப்பா.
2 இன் பிடிஆர் கிளி.ஹோம்.ஆர்ப்பா.
10 இன் பிடிஆர் மயில்.ஹோம்.ஆர்ப்பா.
20 இன் பிடிஆர் காகம்.ஹோம்.ஆர்ப்பா.

இதை பைண்டுக்கு அறிவிக்கும் வரி:

சோன் "1.168.192.இன்-ஆடர்.ஆர்ப்பா" { டைப் பிரைமரி; ஃபைல் "/எட்சி/பைண்டு/டிபி.192.168.1"; };

பழைய பதிப்பென்றால் பிரைமரிக்குப் பதில் மாஸ்டர்.

## எல்லாவற்றுக்கும் முன் ஒரு கேள்வி

டிக் -எக்ஸ் 192.168.1.10 @192.168.1.2

டிக் என்பது டிஎன்எஸ்ஸிடம் கேள்வி கேட்கும் கட்டளை, '-எக்ஸ்' போட்டால் ரிவர்ஸ் கேள்வி. கடைசியில் இருக்கும் அந்த '@192.168.1.2' முக்கியம். அது இல்லாமல் கேட்டால், உங்கள் லேப்டாப் எந்த சர்வரிடம் போய் விசாரிக்கிறது என்பதே தெரியாது. அதைச் சேர்த்தால் கேள்வி நேராகக் கிளியிடம் போகும்.

பதில் சரியாக வந்துவிட்டால் சோன் கோப்பில் குற்றமில்லை. கோளாறு நடுவில் இருக்கிறது. தாமதம், 'சில சமயம் வரும்', பை-ஹோல் ஆகிய பகுதிகளுக்கு நேரே போய்விடலாம். இங்கேயே தப்பு என்றால் 'ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ரெஃப்யூஸ்டு என்று வந்தால் சங்கதி சின்னது. யார் கேட்கலாம் என்று பைண்டு அமைப்பில் எழுதும் 'அலவ்-க்வெரி' பட்டியலில் நீங்கள் கேட்கும் நெட்வொர்க் இல்லை. புதிதாக ஒரு வைஃபை பிரிவு, 192.168.20 என்று ஏதாவது போட்டுவிட்டு, பட்டியலில் சேர்க்க மறந்திருப்பீர்கள். சேர்த்து ரீலோடு செய்தால் தீர்ந்தது.

## என்எக்ஸ்டொமைன் வருகிறது

'அப்படி ஒரு பெயரே இல்லை' என்பது இதன் பொருள். பத்தில் எட்டு பேர் இங்கேதான் மாட்டுவார்கள். நானும் இங்கேதான் அதிக நேரத்தைத் தொலைத்திருக்கிறேன்.

டிக் தரும் பதிலில் 'அத்தாரிட்டி' பகுதியைப் பாருங்கள். அங்கே ஓர் எஸ்ஓஏ வரி இருக்கும். 'இல்லை' என்று சொன்னவருடைய கையெழுத்து அது. வீட்டு நெட்வொர்க்கில் மூன்று விதமான கையெழுத்து வரலாம்.

முதலாவது, உங்களுடையதே: 1.168.192.இன்-ஆடர்.ஆர்ப்பா, பக்கத்தில் கிளி.ஹோம்.ஆர்ப்பா. அப்படியென்றால் சோன் ஏறியிருக்கிறது, உள்ளே அந்தப் பதிவு மட்டும் இல்லை. வரியின் முதல் பத்தியைப் பாருங்கள். அங்கே '10' என்று மட்டும் இருக்க வேண்டும். முழு எண்ணையும் 192.168.1.10 என்று எழுதியிருந்தால் பைண்டு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றிக்கொள்ளும். ஆனால் அது 192.168.1.10.1.168.192.இன்-ஆடர்.ஆர்ப்பா என்ற, யாரும் தேடாத ஒரு பெயராகிப் போய்விடும். இந்த ஒரு தப்புக்கு மட்டும் ஸ்டேட்டஸ் என்எக்ஸ்டொமைன் என்று வராது, 'நோஎரர்' என்று வந்து பதில் காலியாக இருக்கும். வரிசை அழகாக இருக்கட்டும் என்று '010' என்று போட்டாலும் யாரும் தேடாத பெயர்தான் ஆகும், அதற்கு என்எக்ஸ்டொமைன் வரும். நமக்கு 010-ம் 10-ம் ஒன்று, டிஎன்எஸ்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். இன்னொன்று: சோனைப் பெரிதாக, 168.192.இன்-ஆடர்.ஆர்ப்பா என்று வைத்திருந்தால் முதல் பத்தி '10.1' என்று திரும்பி வர வேண்டும். '1.10' என்று எழுதுவது கை தானாகச் செய்யும் தப்பு.

இரண்டாவது கையெழுத்து கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்: 168.192.இன்-ஆடர்.ஆர்ப்பா, சர்வர் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் அதே பெயர், நிர்வாகி முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி, சீரியல் எண் 0. இது பைண்டு தானாகவே வைத்திருக்கும் வெற்று சோன். தனியார் முகவரிகளைப் பற்றிய கேள்விகள் வீட்டை விட்டு வெளியே போகாமலிருக்கப் போட்ட அணை. 2011-ல் வந்த ஆர்எஃப்சி 6303 இந்தப் பழக்கத்தை முறைப்படுத்தியது. இந்தக் கையெழுத்து வந்தால் உங்கள் சோனை பைண்டு பார்க்கவே இல்லை என்று பொருள். அறிவிப்பு வரியை எழுதிய கோப்பு முக்கிய அமைப்புக் கோப்பில் 'இன்க்ளூட்' ஆகியிருக்கிறதா? எழுதிய பிறகு, கோப்புகளை மறுபடி படிக்கச் சொல்லும் 'ஆர்என்டிசி ரீலோடு' கட்டளையைக் கொடுத்தீர்களா?

இரண்டும் ஆயிற்று, ஆனாலும் வெற்று சோனே பதில் சொல்கிறது என்றால் சோனின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நான் ஒருமுறை 192.168.1.இன்-ஆடர்.ஆர்ப்பா என்று திருப்பாமலே எழுதிவிட்டேன். பிழைச்செய்தி எதுவும் கிடையாது. சோன் ஜம்மென்று ஏறியது. ஏறாமல் என்ன, அது செல்லுபடியாகும் பெயர்தானே. 1.168.192.0 என்று தொடங்கும் பொது முகவரித் தொகுதிக்கு உரிய ரிவர்ஸ் சோன் அது. சந்தேகத்தில் 'டிக் -எக்ஸ் 1.168.192.10' என்று கேட்டுப் பார்த்தேன், 'மயில்.ஹோம்.ஆர்ப்பா' என்று பதில் வந்தது. யாருடைய முகவரிக்கோ என் நாஸ் பெட்டியின் பெயரைச் சூட்டியிருக்கிறேன், என் வீட்டுக்குள் மட்டும்.

மூன்றாவது கையெழுத்தில் பிரிசனர்.ஐயானா.ஆர்க் என்ற பெயர் இருக்கும். பிரிசனர் என்றால் கைதி. வீட்டு முகவரியைப் பற்றிய கேள்வி இணையம்வரை போய்விட்டது என்று இதற்கு அர்த்தம். வழிதவறி வரும் இத்தகைய கேள்விகளுக்கு 'இல்லை, இல்லை' என்று சொல்வதற்கென்றே ஏஎஸ்112 என்ற ஏற்பாடு உலகமெங்கும் தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது. உடன் இருக்கும் மற்ற இரண்டு சர்வர்களின் பெயர் பிளாக்ஹோல்-1, பிளாக்ஹோல்-2. வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். கைதியைப் பார்த்தால் '@192.168.1.2' போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். போட்டும் அவர்தான் வருகிறார் என்றால் வெற்று சோன்களை 'எம்ப்டி-சோன்ஸ்-எனேபிள் நோ' என்று யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள், உங்கள் சோனும் ஏறவில்லை. இரண்டு வேலையும் இருக்கிறது.

## சர்வ்ஃபெயில் வருகிறது

சோன் இருப்பது பைண்டுக்குத் தெரிகிறது, ஆனால் கோப்பை அதனால் ஏற்ற முடியவில்லை. ஊகம் வேண்டாம், பைண்டே காரணத்தைச் சொல்லும்:

நேம்டு-செக்கான்ஃப் -இசட்

எல்லா சோனையும் ஏற்றிப் பார்த்து எது விழுகிறது என்று இது காட்டும். ஒரு சோனை மட்டும் பார்க்க 'நேம்டு-செக்சோன்', அதன் பிறகு சோன் பெயர், அதன் பிறகு கோப்பு.

'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்றால் பாதையை முழுதாக எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். டெபியனில் பைண்டின் வேலை அடைவு /வார்/கேஷ்/பைண்டு. 'டிபி.192.168.1' என்று வெறும் பெயரை மட்டும் போட்டால் அங்கே போய்த் தேடும். நீங்களோ கோப்பை /எட்சி/பைண்டு அடைவில் வைத்திருப்பீர்கள். 'பெர்மிஷன் டினைடு' என்றால் கோப்பு உரிமைகளைப் பாருங்கள். உபுண்டு என்றால் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புக் காவலும் காரணமாக இருக்கலாம். உங்கள் ஹோம் அடைவில் கோப்பை வைத்துவிட்டு உரிமை 777 கொடுத்தாலும் அது விடாது.

'என்எஸ் ... ஹேஸ் நோ அட்ரஸ் ரெக்கார்ட்ஸ்' என்று வந்தால் என்எஸ் வரியின் கடைசியில் புள்ளி விட்டுப்போயிருக்கிறது. புள்ளி இல்லாததால் கிளி.ஹோம்.ஆர்ப்பா என்பது கிளி.ஹோம்.ஆர்ப்பா.1.168.192.இன்-ஆடர்.ஆர்ப்பா என்று நீண்டுவிடுகிறது. அந்தப் பெயர் இதே சோனுக்குள் வருவதால் அதன் முகவரியும் இங்கேயே இருக்க வேண்டுமே என்று பைண்டு தேடுகிறது. இல்லை என்றதும் மொத்த சோனையும் தள்ளிவிடுகிறது. ஒரே ஒரு புள்ளி.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்றால் சீரியல் எண். அது 32 பிட், அதிகபட்சம் 4294967295. தேதியை வைத்துப் பத்து இலக்கத்தில் எழுதும் வழக்கம் சரிதான். ஆர்வக்கோளாறில் கடைசியில் மூன்று இலக்கம் போட்டுப் பதினொன்றாக்கினால் தாண்டிவிடும்.

அப்புறம் குறிப்பு எழுதும் அடையாளம். அமைப்புக் கோப்பில் இரட்டைச் சாய்வுக்கோடும் # குறியும் செல்லும். சோன் கோப்பில் அரைப்புள்ளி மட்டுமே. இரண்டு கோப்பும் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் திறந்திருக்கும்போது கை மாறிவிடும்.

## பெயர் வருகிறது, பின்னால் ஒரு வாலும் வருகிறது

காகம்.ஹோம்.ஆர்ப்பா.1.168.192.இன்-ஆடர்.ஆர்ப்பா. மேலே சொன்ன அதே புள்ளி, இந்த முறை பிடிஆர் வரியில். என்எஸ் வரியில் விட்டால் சோனே விழும். பிடிஆர் வரியில் விட்டால் சோன் ஏறும், பெயர் மட்டும் கெடும். இரண்டாவதுதான் ஆபத்து, மாதக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கும். என் பிரிண்டர் அப்படித்தான் இந்த நீண்ட பெயரோடு லாக் கோப்பில் உட்கார்ந்திருந்தது. தாள் தீர்ந்துபோன செய்தியைத் தேடப்போனபோதுதான் பார்த்தேன்.

ஒரே முகவரிக்கு இரண்டு பெயர் மாறிமாறி வருகிறது என்றால் இரண்டு பிடிஆர் வரி இருக்கிறது. விதிப்படி தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு நிரலும் எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும், வரிசையோ மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பெயர்கள் நேர்த்தேடலில் இருந்தால் போதும்.

## லாகின் ஆக நேரம் பிடிக்கிறது

எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு இயந்திரத்துக்குள் நுழைகிறீர்கள். கர்சர் அப்படியே நிற்கிறது. பாஸ்வேர்டு கேட்கவே ஒரு யுகம் ஆகிறது. கேட்ட பிறகு எல்லாம் வேகம்.

'இல்லை' என்று உடனே பதில் வந்தால் இப்படித் தாமதம் ஆகாது. யாருமே பதில் சொல்லாதபோதுதான் ஆகும். இங்கே கடிகாரத்தை எடுத்து எண்ணிப் பார்ப்பது நல்ல வைத்தியம். லினக்ஸ் ஒரு சர்வரிடம் 5 நொடி காத்திருக்கும், மொத்தம் இரண்டு சுற்று முயலும். ஏறத்தாழ 5 நொடி என்றால் பட்டியலில் முதல் சர்வர் செத்திருக்கிறது, இரண்டாவது உயிரோடு இருக்கிறது. 10 நொடி என்றால் ஒரே சர்வர்தான், அதுவும் போய்விட்டது. 20 என்றால் இருவருமே இல்லை.

பார்க்க வேண்டியது உங்கள் பக்கத்தை அல்ல, நீங்கள் நுழையும் பெட்டியை. வந்தவர் யார் என்று ரிவர்ஸில் விசாரிப்பது அதுதான். மயிலில் நுழைய எனக்குப் பத்து நொடி ஆனது. கிளியின் சோன் கோப்பை ஒரு மாலை முழுக்கக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால், மயிலில் முன்பு எப்போதோ கையால் போட்ட டிஎன்எஸ் முகவரி 192.168.0.1. அது பழைய ரவுட்டர். அந்த ரவுட்டர் அப்போது பரணில் இருந்தது. நாஸ் பெட்டி வெளியே எங்கும் போகாததால் யாருக்கும் தெரியவில்லை.

ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 6.8 பதிப்பிலிருந்து, அதாவது 2015 முதல், வந்தவர் யார் என்று இப்படி விசாரிக்கச் சொல்லும் 'யூஸ்டிஎன்எஸ்' என்பது இயல்பாகவே அணைந்திருக்கிறது. லாகில் எண்ணுக்குப் பதில் பெயர் வரட்டும் என்று நான்தான் அதைப் போட்டிருந்தேன். அதை அணைத்தால் தாமதம் போய்விடும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். போகும்தான். ஆனால் செத்த சர்வர் பட்டியலில் அப்படியே இருக்கும், அடுத்து வேறு ஏதாவது ஒரு சேவை அதே பத்து நொடியை விழுங்கும்.

## விண்டோஸில் 'டீஃபால்ட் சர்வர்: அன்நோன்'

விண்டோஸில் டிக் மாதிரி இருக்கும் என்எஸ்லுக்கப்பைத் திறந்ததும் இந்த வரியைப் பார்த்துப் பதறி, டிஎன்எஸ்ஸே போயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. ஒன்றும் போகவில்லை. என்எஸ்லுக்கப் திறக்கும்போது, தான் பேசப்போகும் சர்வரின் பெயர் என்ன என்று அதே சர்வரிடம் ரிவர்ஸில் கேட்கும். எல்லாருக்கும் பிடிஆர் எழுதியவர் கிளிக்கு எழுத மறந்திருப்பார். '2 இன் பிடிஆர் கிளி.ஹோம்.ஆர்ப்பா.' என்ற ஒரு வரி போதும்.

ஆனால் அதற்கு அடுத்த 'அட்ரஸ்' வரியையும் பாருங்கள். அங்கே 192.168.1.2 இல்லாமல் நீளமான ஐபிவி6 முகவரி இருந்தால் கதை வேறு, அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

## சில சமயம் பெயர் வருகிறது, சில சமயம் வரவில்லை

வீட்டில் இரண்டு டிஎன்எஸ் சர்வர் இருக்கிறது. ஒன்றுதான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒன்று, வீட்டு இயந்திரங்களுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியில் இரண்டாவது டிஎன்எஸ்ஸாகக் கூகுளின் 8.8.8.8 கொடுத்திருப்பீர்கள், 'கிளி விழுந்தால் கைகொடுக்கட்டும்' என்று. இரண்டாவது சர்வர் ஸ்டெப்னி டயர் மாதிரி காத்திருப்பதில்லை. லினக்ஸில் டிஎன்எஸ் கேள்விகளைக் கையாளும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஒருமுறை இரண்டாவதுக்குத் தாவினால் அங்கேயே தங்கிவிடும். 8.8.8.8 'இல்லை' என்று சொன்னால் அதுவும் முறையான பதில்தான், யாரும் கிளியிடம் திரும்பி வந்து கேட்கப்போவதில்லை. ஆகவே வீட்டுப் பெயர்கள் தெரியாத சர்வரைப் பட்டியலில் வைக்காதீர்கள். கவலையென்றால் இன்னொரு பை வாங்கி செகண்டரியாக (கிளியின் நகலாக) போடுங்கள்.

மற்றது, ரவுட்டர். ஐபிவி4-க்கு டிஎன்எஸ் கிளி என்று நீங்கள் அமைத்திருந்தாலும், ஐபிவி6 பக்கம் ரவுட்டர் தன் அறிவிப்பிலேயே 'நான்தான் டிஎன்எஸ்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். ரவுட்டர் அமைப்பில் ஐபிவி6 பக்கத்தைத் திறந்து, அந்த அறிவிப்பை நிறுத்துங்கள் அல்லது கிளியின் ஐபிவி6 முகவரியை அங்கே கொடுங்கள். இந்த இரண்டுக்கும் இடம் கொடுக்காத ரவுட்டர்களும் இருக்கின்றன. அப்படியென்றால் ரவுட்டரின் டிஹெச்சிபியையும் ஐபிவி6 அறிவிப்பையும் அணைத்து, இரண்டையும் பையிலேயே டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல் வழியாக நடத்துவதுதான் வழி.

## திருத்தினேன், பழைய பதிலே வருகிறது

உடனே எல்லாரும் சொல்வது: 'சீரியல் எண்ணை ஏற்றினாயா?' ஒரே ஒரு சர்வர் வைத்திருக்கும் வீட்டில் அது காரணமே இல்லை. எண் மாறவில்லை என்று பைண்டு லாகில் ஒரு முறை முறைக்கும், ஆனால் கோப்பை ஏற்றிவிடும். செகண்டரி இருந்தால்தான் அந்த எண்ணுக்கு வேலை. ஏற்றாவிட்டால் செகண்டரி பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலும் குற்றவாளி கேஷ், அதாவது வந்த பதில்களைச் சற்று நேரம் சேமித்துவைக்கும் இடம். அதிலும் 'இல்லை' என்ற பதிலும் கேஷில் தங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் என்பதை எஸ்ஓஏ வரியின் கடைசி எண் தீர்மானிக்கிறது. மேலே என் கோப்பில் அது 300, ஐந்து நிமிடம். வெற்று சோன் தரும் 'இல்லை'க்கு 86400, ஒரு நாள். சோன் எழுதும் முன் ஒருமுறை சோதித்துப் பார்த்த லேப்டாப், சோன் சரியான பிறகும் அடம் பிடிப்பது இதனால்தான். லினக்ஸில் 'ரிசால்வ்சிடிஎல் ஃபிளஷ்-கேஷஸ்', விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக் /ஃபிளஷ்டிஎன்எஸ்'.

டிஹெச்சிபி சர்வர் தானாகவே பதிவுகளைச் சேர்க்கும்படி டைனமிக் அப்டேட் போட்டிருந்தால் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அப்போது உண்மையான தகவல் கோப்பிலும், பக்கத்தில் இருக்கும் .ஜேஎன்எல் ஜர்னலிலும் சேர்ந்து இருக்கும். கோப்பை மட்டும் கையால் திருத்தினால் 'ஜர்னல் அவுட் ஆஃப் சிங்க்' என்று சொல்லி சோன் ஏற மறுக்கும். முறை இதுதான்: 'ஆர்என்டிசி ஃப்ரீஸ்' கொடுத்து, திருத்தி, 'ஆர்என்டிசி தா' ('உருகவிடு' என்ற பொருள்கொண்ட ஆங்கிலச் சொல்) கொடுங்கள். இந்த வசதியைப் போட்டவர்கள் சோன் கோப்பை /வார்/லிப்/பைண்டு அடைவுக்கு மாற்றிவிடுங்கள். /எட்சி/பைண்டில் ஜர்னல் எழுத பைண்டுக்கு அனுமதி இருக்காது.

## பை-ஹோலில் எல்லாரும் எண்ணாகவே தெரிகிறார்கள்

விளம்பரங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் நிரலான பை-ஹோலின் அட்டவணையில் மயிலும் காகமும் வராமல் வெறும் எண்கள் வந்தால், கிளியிடம் கேட்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. 'கண்டிஷனல் ஃபார்வர்டிங்' பகுதியில் 192.168.1.0/24-க்கு 192.168.1.2 என்று கொடுங்கள். பை-ஹோலும் பைண்டும் ஒரே பையில் என்றால் 53-ம் போர்ட்டுக்கு இருவரும் சண்டை போடுவார்கள். பைண்டை 5353 தவிர்த்து வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். 5353-ல் அவாஹி என்ற வேறொரு பெயர்ச்சேவை உட்கார்ந்திருக்கும்.

அங்கே கிளிக்குப் பதில் ரவுட்டர் முகவரியைக் கொடுத்து, ரவுட்டரும் தன் கேள்விகளைப் பை-ஹோலுக்கே அனுப்பும்படி வைத்திருந்தால், தெரியாத ஒரு முகவரியைப் பற்றிய கேள்வி இருவருக்கும் நடுவே பந்து மாதிரி போய்வரும். ஒரே பிடிஆர் கேள்வி ஆயிரக்கணக்கில் லாகை நிரப்பினால் இதுதான்.

நடுவில் இருப்பது அன்பவுண்டு என்ற டிஎன்எஸ் சர்வர் என்றால், அதுவும் பைண்டைப் போலத் தனியார் முகவரிகளுக்குத் தானே 'இல்லை' சொல்லும் வழக்கம் உள்ளது. '168.192.இன்-ஆடர்.ஆர்ப்பா'வுக்கு 'லோக்கல்-சோன் ... நோடீஃபால்ட்' என்று சொல்லி அதை விலக்கிவிட்டு, அப்புறம் ஸ்டப்-சோனாக ('இந்த சோனுக்கு இவரிடம் கேள்' என்ற குறிப்பு) கிளியைக் காட்டுங்கள். இரண்டும் ஒரே பெட்டியில் 127.0.0.1 வழியாகப் பேசுகின்றன என்றால் 'டு-நாட்-க்வெரி-லோக்கல்ஹோஸ்ட் நோ' என்ற வரியும் வேண்டும். இல்லாவிட்டால் சர்வ்ஃபெயில்தான் வரும்.

## கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் பிரச்சினை

வீட்டு முகவரிகளுக்குப் பெயர் சரியாக வருகிறது. வெளி முகவரி எதைக் கேட்டாலும் சர்வ்ஃபெயில். தேதியைப் பாருங்கள். ராஸ்பெரி பை 4 வரை கடிகாரச் சிப் கிடையாது; 5-ல் உண்டு, ஆனால் பேட்டரி தனியாகப் போட வேண்டும். கரண்ட் போன நேரத்திலேயே அதன் கடிகாரம் நின்றிருக்கும். தேதி பின்தங்கியிருந்தால், பதில் உண்மையானதுதான் என்று உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் கையொப்பங்கள் செல்லாதவையாகத் தெரியும். நேரத்தைச் சரிசெய்ய என்டிபி சர்வரிடம் போகலாம் என்றால் அதன் பெயரைக் கண்டுபிடிக்கவும் டிஎன்எஸ் வேண்டும். 'டிக் -எக்ஸ் 8.8.8.8 @192.168.1.2 +சிடி' என்று கையொப்பச் சோதனையைத் தவிர்த்துக் கேளுங்கள். பதில் வந்தால் சந்தேகமே இல்லை, கடிகாரம்தான். என்டிபி அமைப்பில் ஒரு சர்வரையாவது பெயராக இல்லாமல் எண்ணாகக் கொடுத்துவைத்தால் அடுத்த முறை தானாகவே எழுந்துகொள்ளும்.

## ஐபிவி6-க்கு மட்டும் வரவில்லை

இங்கே எல்லாம் எண்ணிக்கைப் பிழை. ஐபிவி6-ல் ஒவ்வொரு இலக்கமும் தனியாக, புள்ளி வைத்துத் திரும்ப வேண்டும். சுருக்கி எழுதியபோது விழுங்கிய பூஜ்யங்களையும் திரும்ப எழுத வேண்டும். எஃப்டி12:3456:7890:1 என்று தொடங்கும் /64 நெட்வொர்க்கின் சோன் பெயர்:

1.0.0.0.0.9.8.7.6.5.4.3.2.1.டி.எஃப்.ஐபி6.ஆர்ப்பா

ஐபி6-க்கு முன்னால் சரியாகப் பதினாறு இலக்கம். கடைசித் தொகுதியான '1' உண்மையில் '0001' என்பதை மறந்து அந்த மூன்று பூஜ்யங்களை விடுவதுதான் வழக்கமான தப்பு. கையால் எழுதாதீர்கள். 'டிக் -எக்ஸ்' கட்டளைக்கு முழு முகவரியைக் கொடுத்தால் 'க்வெஸ்சன்' பகுதியில் 32 இலக்கத்தையும் அதுவே திருப்பிப் போட்டுக் காட்டும். பின்பாதிப் பதினாறை வெட்டி சோன் பெயராக்குங்கள், முன்பாதியைப் பிடிஆர் வரியின் முதல் பத்தியில் போடுங்கள்.

இணைய நிறுவனம் கொடுக்கும் முகவரித் தொகுதி மாறிக்கொண்டே இருக்குமென்றால் அதற்கு சோன் எழுதுவது வீண். எஃப்டி என்று தொடங்கும் உள்வீட்டு முகவரிக்கு மட்டும் எழுதுங்கள். போன்களும் விண்டோஸும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் தற்காலிக முகவரிகளுக்கும் பெயர் வைக்க முயலாதீர்கள்.

## வெளியிலிருந்து பார்த்தால் என் பெயர் தெரியவில்லை

தெரியாது. உங்கள் பொது ஐபியின் ரிவர்ஸ் சோன் இணைய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கிளியில் என்ன எழுதினாலும் வீட்டு வாசலோடு சரி. முதலில் ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் அது பலருக்குப் பொதுவான சிஜிநாட் முகவரி. அதற்குப் பெயர் கேட்பதில் பயனில்லை. நிலையான ஐபிக்குப் பணம் கட்டுபவர் என்றால், உங்கள் ஐபியையும் வைக்க வேண்டிய பெயரையும் குறிப்பிட்டு, 'இதற்கு பிடிஆர் பதிவு போட்டுத் தாருங்கள்' என்று அவர்களுக்கு எழுதுங்கள். அந்தப் பெயர் நேர்த்தேடலில் அதே ஐபிக்குத் திரும்பி வருகிறதா என்று எழுதும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து மெயில் அனுப்பினால் எதிர்ப்பக்கத்து மெயில் சர்வர் முதலில் சரிபார்ப்பது அதைத்தான்.